அச்சுப்பொறியை நிறுவும்போதே கண்டறிவதா, பிறகு கண்டறிவதா: தோட்டப்புற நகரின் கணினி அறைக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவை எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தவர்களில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளின் மாலை வகுப்பு ஆலய மண்டபத்தின் பின்னறையில்தான் நடக்கிறது. அந்த அறையில் ஒன்பது மேசைக் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, விண்டோஸ் 11 கேட்கும் அளவுக்குப் புதிய செயலி இல்லாத பழைய பெட்டிகள். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, அந்த ஏழிலும் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது என்று நிர்வாகத்தினர் கூடிப் பேசி முடிவு செய்தோம். அதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அச்சுப்பொறியை எப்போது, எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சு வந்தபோதுதான் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது.

நீண்டதில் நியாயம் இருக்கிறது. அச்சுப்பொறி வேலை செய்யாவிட்டால் எங்கள் அறையின் பயன் பாதியாகிவிடும். பயிற்சித்தாள், திருவிழா அறிவிப்பு, ஊழியர் சேமநிதி அறிக்கை, உதவித்தொகை விண்ணப்பம் என்று ஊரார் அந்த அறைக்கு வருவதே ஒரு தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போவதற்காகத்தான். நிறுவும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டு நான் என் வேலைக்குத் திரும்பிவிடுவேன். அதன் பிறகு அறையைப் பார்த்துக்கொள்பவர் வகுப்பு நடத்தும் டீச்சர். அவருக்கு இயக்கி என்றால் என்ன, அச்சு வரிசை என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. ஆகவே, இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் நிரலான நிறுவியே, இணைத்திருக்கும் அச்சுப்பொறியைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். இயங்குதளம் ஓடத் தொடங்கியதும் அது தானாகக் கண்டுகொள்ளட்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். விடைகளை முன்கூட்டியே கோப்பில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும், தெரிந்த ஒருவர் வந்து கையால் செய்வதே நல்லது என்றும் கருத்துகள் வந்தன. இந்த நான்கையும் எங்கள் அறையின் நிலைமையோடு வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டறிதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. கம்பியின் மறுமுனையில் அச்சுப்பொறி ஒன்று இருக்கிறது, அது இன்ன வகை என்று அறிவது முதல் வேலை. அதற்குப் பொருந்தும் இயக்கியை, அதாவது கணினி அந்த அச்சுப்பொறியோடு பேச உதவும் நிரலை, கொண்டுவந்து வட்டில் வைப்பது இரண்டாவது வேலை. பெயர், முகவரி, தாள் அளவு ஆகியவற்றோடு ஓர் அச்சு வரிசையை உருவாக்கி, அச்சிடு என்று சொன்னால் அங்கே போகும்படி செய்வது மூன்றாவது வேலை. கூட்டத்தில் நாங்கள் முதல் ஒரு மணி நேரம் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் பேசியதற்குக் காரணம், ஒருவர் முதல் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டும் இன்னொருவர் மூன்றாவதை மனத்தில் வைத்துக்கொண்டும் பேசியதுதான்.

முதல் வேலை உண்மையில் எளியது. யூஎஸ்பி வழி இணையும் எந்தக் கருவியும், செருகிய உடனே தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் கணினியிடம் சொல்லிவிடும். கேனனின் எண் 04ஏ9, எப்சனின் எண் 04பி8, பிரதரின் எண் 04எஃப்9. அத்தோடு, தான் எந்த வகுப்பைச் சேர்ந்த கருவி என்பதையும் சொல்லும். அச்சுப்பொறிகளின் வகுப்பு எண் 07. அதற்குள்ளும் நெறிமுறை எண் ஒன்று உண்டு: 01 என்றால் ஒருவழிப் பேச்சு, 02 என்றால் இருவழிப் பேச்சு, 04 என்றால் அந்த அச்சுப்பொறி இணைய அச்சு நெறிமுறையான ஐபிபியை யூஎஸ்பி கம்பியின் மேலேயே பேசும். இந்த எண்களைப் படிக்க இயக்கி எதுவும் தேவையில்லை. நிறுவியின் சிறிய சூழலிலும் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் அவற்றைக் கோப்புகளாக எழுதி வைத்திருக்கும். அந்த 04 என்ற ஓர் இலக்கம் மிகவும் மதிப்புள்ளது. அதைப் பார்த்துவிட்டால், இந்த அச்சுப்பொறிக்குத் தனி இயக்கி தேட வேண்டியதில்லை என்று நிறுவி அப்போதே அறிந்துகொள்ளலாம்.

இனி, எல்லாவற்றையும் நிறுவியே செய்துவிடும் வழியைப் பார்ப்போம். இது புதிய யோசனை அன்று. மான்ட்ரேக் லினக்ஸின் நிறுவியில், முடிவுக்கு முந்தைய சுருக்கத் திரையில் அச்சுப்பொறிக்கும் ஓர் இடம் இருந்தது. பழைய சூசே லினக்ஸில் நிறுவலின் இறுதிக் கட்டமான வன்பொருள் அமைப்பில், திரை அட்டை, ஒலி ஆகியவற்றோடு அச்சுப்பொறியும் வரும். நிறுவுபவர் அங்கேயே சோதனைப் பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஆள் அறையில் இருக்கும் ஒரே நேரம் நிறுவும் நேரம்தான். பென்டிரைவும் இணையமும் கையில் இருக்கும் நேரமும் அதுதான். பிறகு ஒரு கோப்பு குறைகிறது என்று தெரிந்தால், மண்டபத்தில் இணையம் இருக்கும் நாளாகப் பார்த்து யாராவது மீண்டும் வர வேண்டும்.

ஆனால் இந்த வழி ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நிறுவும் அந்த வேளையில் அச்சுப்பொறி அறையில் இருக்க வேண்டும், கம்பி செருகியிருக்க வேண்டும், மின்விசை போட்டிருக்க வேண்டும். எங்கள் மண்டபத்தில் இடி முழங்கினாலே டீச்சர் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவார். அது சரியான பழக்கமும்கூட. மின்விசை இல்லாத அச்சுப்பொறி நிறுவியின் கண்ணுக்கு இல்லாத அச்சுப்பொறியே. திருவிழாக் காலத்தில் அதை அலுவலக மேசைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது நிறுவினால், அச்சுப்பொறியே இல்லாத இடம் என்று நிறுவி முடிவு கட்டிவிடும்.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. டெபியன் போன்ற நிறுவிகள் புதிய அமைப்பை வட்டில் எழுதும்போது, அந்த அமைப்பின் சேவைகளை அப்போதே இயக்குவதில்லை. வேண்டுமென்றே தடுத்து வைக்கின்றன. அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் சேவையும் அப்போது ஓடாது. வரிசையை உருவாக்கும் கட்டளை கப்ஸிடம் பேசித்தான் உருவாக்கும். பேச ஆள் இல்லாத நேரத்தில் அது நடக்காது. கப்ஸின் அமைப்புக் கோப்புகளை நிறுவியே நேரடியாக எழுதலாம் என்றாலும், கப்ஸின் அடுத்த பதிப்பு அந்த வடிவத்தை மாற்றும்போது நிறுவியையும் திருத்த வேண்டியிருக்கும். இவ்வளவு செய்தும் சில அச்சுப்பொறிகள் அடங்கா. எச்பி லேசர்ஜெட் 1020 மின்விசை போடும் ஒவ்வொரு முறையும் தன்னை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வகை. எச்பியின் சில மாதிரிகளுக்குத் தேவைப்படும் கூடுதல் நிரலை இணையத்திலிருந்து இறக்கி, உரிம ஒப்பந்தத்துக்குப் பயனர் சம்மதம் சொன்ன பிறகே பொருத்த முடியும். பயனரின் சம்மதத்தை நிறுவி தானாகச் சொல்வது முறையாகாது.

இங்கே ஆப்பிள் செய்த ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தது. ஆப்பிள் 2002 இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 பதிப்பிலேயே கப்ஸை ஏற்றுக்கொண்டது. ஆகவே லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வேலையின் அடித்தளம் ஒன்றுதான். தொடக்கத்தில் மேக் நிறுவி, பல நிறுவனங்களின் அச்சுப்பொறிகளுக்கு உரிய இயக்கிகளை வட்டில் கொட்டி வைத்துவிடும். அது ஜிகாபைட் கணக்கில் இடத்தை அடைக்கும். 2009 ஆகஸ்டில் வெளிவந்த 10.6 பதிப்பான ஸ்னோ லெப்பர்ட் அதை மாற்றியது. இந்தக் கணினி ஏற்கெனவே பயன்படுத்திய அச்சுப்பொறிகள், அருகே வலையமைப்பில் தென்படுபவை, பரவலாகப் புழக்கத்தில் இருப்பவை ஆகியவற்றுக்கு மட்டும் நிறுவி இயக்கிகளை வைத்தது. பிறகு புதிதாக ஒன்றை இணைத்தால், அதற்குரியதை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டது. இங்கே நிறுவி கண்டறிந்தது, எந்தப் பொட்டலத்தை, அதாவது எந்த மென்பொருள் தொகுப்பை, கொண்டுவர வேண்டும் என்று தீர்மானிப்பதற்காக. இன்ன அச்சுப்பொறிதான் இனி உன்னுடையது என்று அது கணினியைக் கட்டிப்போடவில்லை. முதல் வேலையையும் இரண்டாவது வேலையையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதை ஓடும் அமைப்பிடம் விட்டதுதான் அதன் சிறப்பு. டெபியனிலும் இதே நோக்கில் ஐசென்கிராம் என்ற கருவி உண்டு. பெட்டர் ரைன்ஹோல்ட்சன் எழுதிய அது, செருகியிருக்கும் வன்பொருளின் அடையாள எண்ணைப் பார்த்து, பொருத்தமான பொட்டலத்தின் பெயரைச் சொல்லும்.

இரண்டாவது வழி, நிறுவியைத் தொந்தரவு செய்யாமல் ஓடும் அமைப்பிடமே முழுவதையும் ஒப்படைப்பது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த வழி மிகவும் வலுப்பெற்றுவிட்டது. 2010 இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது. 2013 இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரம் வந்தது. இவற்றைப் பேசும் அச்சுப்பொறி, தன்னால் எந்தத் தாளில், எந்த நுணுக்கத்தில், இருபுறமாகவா ஒருபுறமாகவா அச்சிட முடியும் என்பதைத் தானே கணினியிடம் விவரிக்கும். அதைக் கேட்டு கப்ஸ் தேவையான நேரத்தில் வரிசையை அமைத்துக்கொள்ளும். மாதிரிக்கு ஒன்றாக இயக்கி வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 11 முதல், ஐபிபி-யூஎஸ்பி என்ற சிறு சேவை யூஎஸ்பி கம்பியில் இருக்கும் இத்தகைய அச்சுப்பொறிகளையும் வலையமைப்பில் இருப்பவை போலவே காட்டுகிறது. விண்டோஸும் இதே திசையில்தான் போகிறது. தயாரிப்பாளர்கள் தரும் தனி இயக்கிகளுக்கான சேவையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. கப்ஸின் மூன்றாம் தலைமுறையிலும் அச்சுப்பொறி மாதிரிகளை விவரிக்கும் பழைய பிபிடி கோப்புகளைக் கைவிடுவதே திட்டம். புதிதாக அச்சுப்பொறி வாங்கப்போகிறவர்கள் பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாலே, இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது.

ஆனால் தோட்டப்புற நகரங்களில் யாரும் புதிய அச்சுப்பொறியோடு தொடங்குவதில்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது, யாரோ ஒரு கிராணியார் ஓய்வுபெறும்போது கொடுத்துவிட்டுப் போனது என்றுதான் அவை வந்து சேர்கின்றன. எங்களிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட யூஎஸ்பி லேசர். இன்னொன்று மைத்தொட்டி வகை. மூன்றாவது, வைஃபை உள்ள ஒரு பல்பயன் இயந்திரம். கடைசி ஒன்று மட்டுமே இயக்கி கேட்காதது. முதல் இரண்டும் 07 வகுப்பு, 02 நெறிமுறை என்றுதான் தங்களை அறிமுகம் செய்துகொள்கின்றன. அவற்றுக்குப் பொருந்தும் இயக்கி வட்டில் இருந்தால், செருகிய உடனே ஓடும் அமைப்பு வரிசையை உருவாக்கிவிடும். இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. எல்லா அச்சு இயக்கிகளையும் மொத்தமாகத் தரும் பொட்டலம் ஒன்று டெபியனில் இருக்கிறது. அதை நிறுவும்போதே போட்டுவிட்டால் பெரும்பாலான பழைய மாதிரிகள் அடங்கிவிடும். அதற்குக் கொஞ்சம் வட்டு இடம்தான் விலை. இன்றைய வட்டுகளில் அது பெரிய விலை அன்று என்பது என் கருத்து.

முன்கூட்டியே விடை எழுதிக் கொடுக்கும் மூன்றாவது வழியை நான் ஒருமுறை கடைப்பிடித்திருக்கிறேன். அதன் பலனையும் கண்டிருக்கிறேன். டெபியன் நிறுவியின் கேள்விகள் அனைத்துக்கும் ஒரு கோப்பில் பதில் எழுதி வைத்தால், கணினியைத் தொடாமலேயே நிறுவல் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் இதே அறைக்காக நான்கு கணினிகளை வீட்டிலேயே அப்படித் தயார் செய்தேன். மைத்தொட்டி அச்சுப்பொறியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் முகவரியைக் குறித்து, முதன்முறை இயங்கும்போது அந்த முகவரிக்கு ஒரு வரிசையை உருவாக்கும்படி சிறு நிரலும் எழுதினேன். வரிசைதான் உறுதியாக இருக்கிறதே என்று, தானாகக் கண்டுகொள்ளும் பொட்டலத்தை விட்டுவிட்டேன். ஏழு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் மாலை இடியில் அந்த அச்சுப்பொறி போய்விட்டது. நிர்வாகத்தினர் அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி அதே இடத்தில், அதே கம்பியில் செருகினார்கள். டீச்சர் என்னை அழைத்து, “தம்பி, பிரிண்டர் பேரு இருக்கு, பேப்பர்தான் வரமாட்டேங்குது” என்றார்.

நான் போய்ப் பார்த்தபோது வரிசையில் முப்பத்தொரு வேலைகள் நின்றுகொண்டிருந்தன; அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கணிதப் பயிற்சித்தாள், பிள்ளைகள் மீண்டும் மீண்டும் அழுத்தியது. நிலை வரியில், அச்சுப்பொறி கிடைக்கும் வரை காத்திருப்பதாக எழுதியிருந்தது. அச்சுப்பொறியோ அரை மீட்டர் தூரத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. காரணம் முகவரியில் இருந்தது. யூஎஸ்பி அச்சுப்பொறியின் முகவரியை கப்ஸ் எழுதும்போது தயாரிப்பாளர் பெயர், மாதிரிப் பெயர் ஆகியவற்றோடு நிற்பதில்லை. அந்த ஒரு தனி இயந்திரத்தின் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுகிறது. ஒரே மாதிரியில் இரண்டு அச்சுப்பொறிகளைச் செருகினாலும் குழம்பாமல் இருக்க அது தேவைதான். ஆனால் எங்கள் வரிசை இறந்துபோன இயந்திரத்தின் எண்ணையே தேடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அந்த அறையில் தாள் வரவில்லை. வரிசையை நிறுவும் நாளிலேயே உறுதியாகக் கட்டி வைப்பதன் விலை என்ன என்பதை அன்று அந்த முப்பத்தொரு வேலைகளையும் ஒவ்வொன்றாக நீக்கும்போது முழுமையாக உணர்ந்தேன். நிறுவியே வரிசையை உருவாக்கினாலும் இதே முகவரியைத்தான் எழுதும் என்பதால், முதல் வழிக்கும் இந்தக் குறை அப்படியே பொருந்தும்.

கையால் செய்யும் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உலாவியில் அதே கணினியின் 631 ஆம் கதவை (போர்ட்) திறந்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் வரும். ஐந்து நிமிட வேலை. செய்யத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் இதைவிட நம்பகமான வழி கிடையாது. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் படித்து முடித்ததும் ஷா ஆலாமுக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். ஆகவே இதை ஒரு மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாமே தவிர, இதையே நம்பியிருக்க முடியாது.

வலையமைப்பில் இருக்கும் அச்சுப்பொறிகளைத் தானாகச் சேர்ப்பதில் எனக்குத் தனியான கவலை உண்டு. வைஃபை அச்சுப்பொறிகள் தங்கள் இருப்பை அருகிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும். நிறுவி வைஃபையில் சேர்ந்ததும் அந்த அறிவிப்புகளைக் கேட்டு, கண்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டால், மண்டபத்தின் ரௌட்டரைப் பக்கத்து அலுவலகமும் பயன்படுத்தும் எங்கள் நிலைமையில் ஒரு பிள்ளையின் கட்டுரை அந்த அலுவலக மேசையில் போய் விழும். இதைவிடக் கடுமையான ஆபத்து 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. வலையமைப்பு அச்சுப்பொறிகளைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற சேவை, 631 ஆம் யூடிபி கதவில் எங்கிருந்து செய்தி வந்தாலும் அதை நம்பியது. போலி அச்சுப்பொறி ஒன்றை அப்படிச் சேர்க்கவைத்து, பயனர் அதற்கு அச்சிட அனுப்பும்போது கணினியில் தான் விரும்பிய கட்டளையை ஓட்ட முடியும் என்று சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் காட்டினார். உடனே திருத்தங்கள் வந்தன. ஆனாலும், அறிமுகமில்லாத ஒன்றைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டையும் அதற்குப் பிறகு நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பியில் செருகியிருப்பதை யாரோ ஒருவர் கையால் கொண்டுவந்து செருகியிருக்கிறார். காற்றில் வருவதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. எனவே நிறுவி யூஎஸ்பியை மட்டும் பார்க்கட்டும், வைஃபை இயந்திரத்தைப் பயனர் தேர்ந்தெடுக்கட்டும் என்பது என் நிலை.

தாள் அளவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது அச்சுப்பொறியின் குறை என்றே எல்லோரும் நினைப்பார்கள். நிறுவியில் ஆங்கிலத்தையும் மலேசியாவையும் தேர்ந்தெடுத்தால், அந்த இணைக்குரிய வட்டார அமைப்பு இல்லை என்று சொல்லி, டெபியன் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவசரத்தில் அமெரிக்க ஆங்கிலத்தின் மேல் அழுத்திவிடுவோம். அமெரிக்காவில் தாள் என்றால் லெட்டர்: 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 210க்கு 297. ஆவணம் எழுதும் மென்பொருளான லிப்ரேஆபிஸ் அந்த வட்டார அமைப்பைப் பார்த்து லெட்டர் பக்கத்தைத் திறக்கும். சில அச்சுப்பொறிகள் லெட்டர் தாள் வை என்று விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஏ4 தானாக அமைந்துவிடும்; டெபியனின் வரைகலை நிறுவி தமிழிலேயே பேசும். அச்சுப்பொறியைக் கண்டறிவதில் எந்த வழியைப் பின்பற்றினாலும் இந்த ஒரு திரையில் நிதானம் வேண்டும்.

இவ்வளவையும் பேசிய பிறகு, கூட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி எங்கள் கணக்கையே எளிதாக்கியது. “ஏழு கணினியிலும் எதற்கு அச்சுப்பொறியைத் தேட வேண்டும், ஐயா? கம்பி ஒன்றில்தானே இருக்கிறது?” என்றார். உண்மைதான். யூஎஸ்பி அச்சுப்பொறி ஒரு கணினியில் இருந்து, அந்தக் கணினியின் கப்ஸ் அதைப் பகிர்ந்துகொண்டால், மற்ற கணினிகளுக்கு அது இயக்கி தேவைப்படாத வலையமைப்பு அச்சுப்பொறியாகவே தெரியும்; பழைய இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் வேலையைப் பகிரும் கணினியே செய்துவிடும். அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அச்சுப்பொறிகள் இருக்கும் மேசை டீச்சருடையது, அவர் வந்தால்தான் வகுப்பே தொடங்கும் என்பதால் எங்களுக்கு அது தடையாகவும் இல்லை.

எனவே நாங்கள் எடுத்த முடிவு இது. ஆறு கணினிகளில் நிறுவி அச்சுப்பொறியைப் பற்றி எதுவும் தேடாது. கப்ஸும், பகிர்ந்த வரிசைகளை அறியும் சேவையும் மட்டும் அவற்றில் இருக்கும். டீச்சரின் கணினியில் நிறுவும்போது இரண்டு யூஎஸ்பி அச்சுப்பொறிகளையும் செருகி, விசையைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். ஐசென்கிராம் சொல்லும் பொட்டலங்களோடு, எல்லா இயக்கிகளையும் தரும் மொத்தப் பொட்டலத்தையும் போடுவோம். அடுத்த முறை இடி எதை எடுத்துக்கொண்டு போகும், அதற்குப் பதிலாக எந்த மாதிரி வந்து சேரும் என்று இன்று யாருக்கும் தெரியாது. வரிசையை நிறுவி உருவாக்காது. முதன்முறை இயங்கியதும், செருகியிருப்பதைப் பார்த்து அமைப்பே உருவாக்கும். அச்சுப்பொறி மாறினால் புதிய வரிசையையும் அதுவே உருவாக்கும். வைஃபை இயந்திரத்தை நான் ஒருமுறை கையால் சேர்த்துவிட்டு வருவேன்.

பழைய லேசருக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதன் இயக்கி வட்டில் இருந்தாலும், மின்விசை போட்டதும் ஃபர்ம்வேரைக் கேட்கும் வகை அது. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் தனியாக வைத்துக்கொண்டேன். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்டபத்தைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் முடிந்ததும், அச்சுப்பொறியின் விசையை அணைத்து, கம்பியைக் கழற்றி, வேறு துளையில் செருகி, அந்தக் கணிதப் பயிற்சித்தாளையே டீச்சர் தன் கையால் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் நான் ஊர் திரும்புவேன்.